நான் ஏற்றிவிட்ட வாடகை

எட்டு வீடுகளுக்குக் குடிவர ஆளே இல்லாமல் செய்தவள் நான். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல... இரண்டு வருடத்துக்கும் மேலாக! கதவுக்குப் பூட்டுப் போடவில்லை, யாரையும் மிரட்டவில்லை. வாடகை எவ்வளவு என்று மட்டும் சொன்னேன். அதிலேயே ஒரு குடும்பம் விழுந்துவிட்டது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரிந்துதான் செய்தேன். அந்தக் கட்டடத்தின் முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, எந்த ஜன்னலிலும் ஒரு திரைச்சீலைகூட இல்லை என்று மகிழ்ந்திருக்கிறேன். அப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று கேட்கிறீர்களா? இருக்கிறாள். அவள் எழுதியதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெயர் சகாயமேரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவள். போர்வெல் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு வந்தேன். இப்போது இந்த ஊரில் வீட்டு புரோக்கர்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையிலும் நிற்கிறேன். கோபப்பட்டேன், செபத்தை மறந்தேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசினேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். இதை மட்டும் சொன்னதே இல்லை. மனஸ்தாபம், அதாவது செய்ததற்காக உள்ளூர வருந்துவது, இல்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடையாது என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தேன். எனக்கு மனஸ்தாபம் இருக்கிறதா? அதுதான் தெரியவில்லை... ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

ஸ்டீபனும் நானும் குடியிருந்தது கமலவேணி அக்காவின் மாடி வீட்டில். கீழே அவர்கள், மேலே நாங்கள். அவள் கணவர் நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று வைத்திருந்தார். வருடத்தில் பாதி நாள் ஆந்திராவில் எங்கேயாவது போர் போட்டுக்கொண்டிருப்பார். ஆகையால் வீடு, வாடகை, தண்ணீர் மோட்டார் எல்லாம் அக்காவின் ராஜ்யம். ஒன்றாம் தேதி வாடகை கைக்குப் போய்விட்டால் அவளைப்போலத் தங்கமான மனுஷி கிடையாது. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கும் வரும்.

ஸ்டீபனுக்கு மஞ்சள்காமாலை முற்றி ஈரல் கெட்டுப்போனது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில வாரங்களில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பங்குச் சாமியாருக்குப் போன் செய்து, வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிக் கடைசிச் செபம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

வேனில் படுத்திருந்த ஸ்டீபன், "ஊட்டுக்குப் போனதும் ஃபாதர் வந்துருவாரில்ல மேரி?" என்று கேட்டார். வருவார் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. சொந்தப் படுக்கையில் படுத்து, நெற்றியில் எண்ணெய் வாங்கி, கண்ணை மூட வேண்டும்... அவ்வளவுதான் அந்த மனிதரின் ஆசை!

வேன் வீட்டு முன்னால் வந்து நின்றது. நல்ல வெயில் நேரம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே கமலவேணி அக்கா நின்றாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"கோவிச்சுக்காத மேரி. ஊட்டுக்குள்ள உசுரு போச்சுன்னா அப்புறம் எவன் குடி வருவான், சொல்லு? வந்தாலும் ஐநூறு ரூவா கொறைச்சுத்தான் கேப்பான். ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுட்டுப் போயிரு சாமி. சாமானமெல்லாம் பொறவு பொறுமையா எடுத்துக்கலாம்."

சாமி என்றாள்! அப்போதும் செல்லமாகச் சாமி என்றுதான் அழைத்தாள். குரலில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்கிற அதே குரல்.

கெஞ்சினேன். கம்பிக்குள் கையைவிட்டு அவள் காலைத் தொடப் பார்த்தேன். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது, மூடியது. தெருவில் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள்தானே... எப்படிக் கேட்பார்கள்?

வேன் திரும்பியது. சங்ககிரி வருவதற்கு முன்னால், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில், ஸ்டீபன் போய்விட்டார். எண்ணெய் இல்லை. செபம் இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம், 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்திருந்தால்கூடப் போதும். சொல்லவில்லையே! அந்த நேரத்தில் நான் கமலவேணியைச் சபித்துக்கொண்டிருந்தேன். நாசமாய்ப் போக, மண்ணோடு மண்ணாய்ப் போக என்று வாய் ஓயாமல் சபித்தேன். என் புருஷனின் கடைசி மூச்சின்போது என் வாயில் இருந்தது அவள் பெயர். அவளை நான் மன்னிக்க முடியாமல் போனதற்கு அந்தப் பூட்டிய கேட்டைவிட இதுதான் பெரிய காரணம்.

ஐநூறு ரூபாய்... நினைத்துப் பாருங்கள்!

கல்லறைத் தோட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். என் தம்பி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். நான் அந்தத் தெருவுக்குள் காலே வைக்கவில்லை.

பிறகு எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள்? நீங்களும் வாடகைக்கு வீடு தேடியிருப்பீர்கள். ஆனால் புருஷன் இல்லாமல் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். ஒவ்வொரு தெருவாக 'வாடகைக்கு' போர்டைப் படித்துக்கொண்டே நடந்தேன். நடந்து நடந்து எந்த வீட்டில் எந்த மாடி காலி, எந்த வீட்டில் உப்புத் தண்ணீர், எந்த ஓனர் கறிச்சாப்பாட்டுக்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. வழியில் பார்க்கிறவர்கள், "ஏனுங்க, எங்கயாச்சும் ஊடு காலியிருக்குதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொன்னேன். கையில் ஏதோ கொடுத்தார்கள். அப்படித்தான் புரோக்கர் ஆனேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? குடிவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "ஊட்டுல சீக்காளி யாராச்சும் இருக்காங்களா?" என்பதுதான். ஓனர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கச் சொல்வார்கள். ஆமாம் என்றால், இப்போது எதுவும் காலி இல்லையே என்று அனுப்பிவிடுவேன். எத்தனை பேரை அப்படி அனுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. கமலவேணி ஒருத்தியை அனுப்பினாள். நான்?... போகட்டும். அதை நினைத்தால் இந்தக் கதையை முடிக்க மாட்டேன்.

வருடங்கள் ஓடின. ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பைபாஸ் பக்கம் காலேஜுக்குப் போகும் சாலையில் புதுக் கட்டடம், நான்கு மாடி, எட்டு வீடு, ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றது ஒரு பெண் குரல். போனேன். சிமெண்ட் வாசனை போகாத வாசலில் கமலவேணி அக்கா நின்றாள்!

"அட, நம்ம மேரியா! நம்ம மாடியில குடியிருந்த புள்ள! நல்லா இருக்கறயா சாமி? உங்க ஊட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று ஒரு கணம் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. சத்தியமாக இல்லை! அவளுக்கு மறந்துவிட்டது. அந்த மாடிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவர்களில் நாங்களும் ஒரு குடும்பம்.

"இருக்காருங்க்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவள் மட்டும் நினைவு வைத்திருந்தால், ஒருமுறை தலையைக் குனிந்திருந்தால், நான் இதைச் செய்திருக்கமாட்டேனோ என்னவோ... தெரியாது. செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

வீடுகளைச் சுற்றிக் காட்டினாள். பழைய வீட்டை அடமானம் வைத்து, பேங்க்கில் கடன் வாங்கிக் கட்டியதாகச் சொன்னாள். வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்றும் அவளே சொன்னாள். எங்கே அடிக்க வேண்டும் என்று அவளே இடம் காட்டிவிட்டாள்.

"இந்தப் பக்கம் என்ன ரேட்டு ஓடுது மேரி?"

ஒன்பதாயிரம். மிஞ்சிப்போனால் பத்து. அது என் நாக்கு நுனியில் இருந்தது.

"பதினாறுக்குக் கொறைஞ்சு பேசாதீங்க்கா. லிஃப்ட் இருக்குது, கார் நிறுத்த எடமிருக்குது. ஒம்பதுக்கும் பத்துக்கும் விட்டா கண்டவங்களும் வந்து குடியேறுவாங்க. உங்க தகுதிக்கு டாக்டருங்க, ரிக் ஓனருங்க வரட்டும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பதினாறா, பதினாறா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பங்காளிகளிடமும் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரிடமும், "ஒரு ஊடு பதினாறுங்க" என்று வாய் நிறையச் சொன்னாள். நான் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் சொந்தபந்தத்தின் முன்னால் சொன்ன வாடகையை ஏற்றலாம், இறக்க முடியாது. இறக்கினால் கையில் காசு இல்லாமல் திண்டாடுகிறார்கள் என்று ஊரே பேசும். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஆட்களைக் கூட்டிப் போகாமல் இருந்தேனா? இல்லை. நிறையப் பேரைக் கூட்டிப் போனேன். மேற்குச் சுவர் அனலாய்க் கொதிக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போவேன். பதினாறு என்றதும் முகம் தொங்கிவிடும். வேறு புரோக்கர்கள் வந்து பத்துக்கு ஆள் இருக்கிறது என்றால், அக்காவே அவர்களைத் திட்டி விரட்டினாள். "மேரி நம்ம ஊட்டுப் புள்ள. அவ சொல்றதுதான் ரேட்டு" என்பாளாம்.

மாதங்கள் போகப் போக, வருகிறவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, புதுக் கட்டடம்... இத்தனை நாளா ஏன் காலியாக் கெடக்குது?"

நான் ஒரு பெருமூச்சு விட்டு, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பேன். அவ்வளவுதான். இரண்டாம் மாடிவரை ஏறியவர்கள்கூட அப்படியே இறங்கிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று ஒரு புரோக்கர் சொன்னால் என்னவோ இருக்கிறது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம்!

ஒரே ஒரு தடவை என் திட்டம் ஆட்டம் கண்டது. காலேஜில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி, பன்னிரண்டு தருகிறோம், நாளைக்கே குடிவருகிறோம் என்று நின்றார்கள். நாச்சிமுத்து கொடுத்துவிடலாம் என்றாராம். அக்கா எனக்குப் போன் செய்தாள். குரலில் களைப்பு இருந்தது.

"என்ன பண்ணட்டும் மேரி? குடுத்துரலாமா?"

அப்போது சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒன்று நிறைந்தால் மற்றதும் நிறையும். அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

"உங்க இஷ்டமுங்க்கா. ஆனா ஒருத்தருக்கு எறக்கினா எட்டுக்கும் அதுதான் ரேட்டு. நாளைக்கு உங்க சம்பந்தி காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"அதுவுஞ் செரிதான்" என்று போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து டீ போட்டுக் குடித்தேன்.

முதலில் ரிக் வண்டியை விற்றார்கள். அப்புறம் அவள் நகை. அப்புறம் அந்தப் பழைய வீடு... அதை வாங்கியவர் கேட்டை மாற்றிப் பெரிதாகப் போட்டாராம். அவர்கள் காலியாகக் கிடந்த எட்டில் ஒன்றிலேயே குடியேறினார்கள். அங்கே நாச்சிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கடைசியில் பேங்க்காரர்கள் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

நாச்சிமுத்து எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றுமில்லை. வேன் வந்து நின்ற அன்று அவர் ஊரிலேயே இல்லை. ஸ்டீபனைப் பார்க்கும்போதெல்லாம், "என்னங்க மேஸ்திரி" என்று மரியாதையாகக் கூப்பிட்ட மனிதர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. நான் குறி வைத்தது ஒருத்தியை. படுக்கையில் விழுந்தது இன்னொருவர்.

அக்கா என்னைத் தேடி ஆட்டோவில் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"கீழ் ஊடா ஒண்ணு பாத்துக் குடு சாமி. அவரைத் தூக்கிட்டு மாடி ஏற முடியாது. என்ன வாடகையானாலும் பரவால்ல. பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊட்டுல போயி நிக்க முடியுமா? ஒன்னை உட்டா எனக்கு யாரு இருக்கறாங்க?"

அவள் கண் முன்னாலேயே மூன்று ஓனர்களுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரிலும் போட்டேன். தெரிந்தவர்களாக இருந்தால், வீட்டில் நோயாளி இருப்பதைக் கடைசியில்தான் மெதுவாக எடுப்பேன். ரொம்ப வேண்டியவர்களுக்காகச் சொல்லாமலேகூட விட்டிருக்கிறேன். அன்று எடுத்த எடுப்பில், "பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கறாருங்க" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்!

மூன்று பேரும் மறுத்தார்கள். மூன்றாவது ஆள் விளக்கமாகவே சொன்னார். "வேண்டாமுங்க. ஊட்டுக்குள்ள ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா அப்புறம் எவன் குடி வருவான்?"

நான் கமலவேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது நினைவு வருகிறதா? இது யார் சொன்ன வார்த்தை என்று தெரிகிறதா? அந்தக் கண்ணில் ஒரு பொறி, ஒரு திடுக்கிடல்... எதுவும் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, நீ என்ன பண்ணுவ பாவம்" என்றாள். எனக்காகப் பரிதாபப்பட்டாள்!

அவர்கள் பரமத்தி வேலூர்ப் பக்கம், நாச்சிமுத்துவின் தம்பி தோட்டத்துக்குப் போனார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பக்கத்தில் மோட்டார் அறை. அதில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்களாம். கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார்.

கருமாதிக்குப் போனேன். ஏன் போனேன்? துக்கம் விசாரிக்கவா? இல்லை... சொல்லிவிடத்தான் போனேன். எதற்காக அடிபட்டோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லையென்றால் இது என்ன பழி? நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லப் போகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டே போனேன்.

அவள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம், "இந்தப் புள்ளதான் எங்களுக்கு ஊடு தேடி அலைஞ்சுது. கூடப்பொறந்தவளாட்ட" என்று சொன்னாள். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மோட்டார் அறைப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். ஸ்டீபன் உயிரோடு இல்லை என்று. வேன் வந்ததையும், கேட் பூட்டியிருந்ததையும், ஐநூறு ரூபாயையும், சங்ககிரி டீக்கடையையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் விழித்துக்கொண்டு நின்றாள். "நானா பூட்டுனேன்?... எனக்கு நெனப்பே இல்லையே சாமி" என்றாள். நெற்றியைச் சுருக்கி, எங்கேயோ தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்: "ஆனா செஞ்சிருப்பேன். அப்ப எம் புத்தி அப்படித்தான் இருந்துச்சு. ஊடு, வாடகை, ஊடு, வாடகைன்னு..."

உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சுக்க மேரி. எங்கூட்டுக்காரரை வெச்சுக்கிட்டு ஊடு ஊடா அலைஞ்சப்ப என்ன பாடுன்னு பாத்துட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு சாமி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மறுப்பாள், சண்டை போடுவாள், அப்போது பதினாறாயிரத்தை அவள் முகத்தில் எறியலாம் என்று வந்திருந்தேன். செய்தது நினைவில்லாதவள் மன்னிப்புக் கேட்கிறாள்! எல்லாம் நினைவிருக்கிற நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்!

அதுதான் நேரம். அக்கா, உங்களை இந்த மோட்டார் அறைக்குக் கொண்டுவந்தது நான்தான் என்று சொல்ல வேண்டிய நேரம். நாக்கு புரண்டுதான் பார்த்தது. பயமா? இருக்கலாம். ஆனால் பயம் மட்டும் இல்லை. அதைச் சொன்னால் நானும் கை கூப்ப வேண்டும். நான் கூப்பினால் அவள் அழுதுகொண்டே மன்னித்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். அவள் மன்னித்தால் நானும் மன்னிக்க வேண்டியிருக்கும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க்கா" என்றேன்.

அப்போதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை போன் செய்கிறாள். சாப்பிட்டயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே சாமி? அது ஒண்ணுதான் ராத்திரியெல்லாம் அறுக்குது" என்பாள். இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

நானும் தூங்குவதில்லை என்பது வேறு விஷயம். நேற்றுக் காலையிலும் அழைத்தாள். மணி அடித்து முடியும்வரை பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்... எடுக்கவில்லை.